ஆடுகளமும் அலுவலகமும்



விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேசும்பொழுது அவர் எத்தனை கோல் அடித்தார், எந்தப் பதக்கத்தை வென்றார் என்பவற்றையே நாம் பெரிதும் பேசுகிறோம். ஆட்டத்தை விட்ட மறுநாள் காலையில் அவர் என்ன செய்தார் என்று கேட்பவர் அரியர். இன்று அந்தக் கேள்வியையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பத்து வயதில் மட்டையைக் கையில் எடுக்கும் ஒரு சிறுவன் இருபது வயதில் நாட்டின் அணிக்குள் நுழைகிறான் என்று கொள்வோம். முப்பது, மிஞ்சினால் முப்பத்திரண்டு வயதில் அவன் கால்கள் வேகம் குறைகின்றன. இளையவன் ஒருவன் வந்து அவன் இடத்தில் நிற்கிறான். அவனோடு உடன் படித்தவன் அந்த வயதில்தான் தன் தொழிலில் மேலேறத் தொடங்குகிறான். வீரனுக்கும் இன்னும் முப்பது ஆண்டுக்காலம் உழைக்கும் வலிமை இருக்கிறது. அந்த முப்பது ஆண்டுகளை அவன் எதைக்கொண்டு நிரப்புவான்?

இக்கேள்வி எனக்கு ஏட்டளவில் வந்த கேள்வி அன்று. நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், 1990-களின் தொடக்கத்தில், என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வளைகோற் பந்து என்று தமிழில் வழங்கும் ஹாக்கியில் அவன் வல்லவன். தன் அணியினர் எவரெவர் எங்கெங்கே நிற்கின்றனர் என்பதைத் திரும்பிப் பாராமலே அறிவான். பாடங்களில் மட்டும் தடுமாறுவான். ஒருநாள் அவனை அழைத்து, "தம்பி, ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்காதே. மட்டை வேண்டுமா, புத்தகம் வேண்டுமா என்று இன்றைக்கே தீர்மானித்துக்கொள்" என்றேன். உறுதியாகப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. அவன் மட்டையைத் தேர்ந்தெடுத்தான். மாநில அணியில் ஆடினான். விளையாட்டு வீரர்க்கான ஒதுக்கீட்டில் நல்ல நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி மாணவர்களைக் கைதட்டச் செய்தேன்.

பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஒரு மாலையில் அவன் திருவெறும்பூரில் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். முழங்காலில் தசைநார் கிழிந்து ஆட்டம் முடிந்துவிட்டது. "ஐயா, வேலை போகவில்லை, சம்பளம் வருகிறது. ஆனால் மேசையில் ஒரு கோப்பை வைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றான். அவன் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் அன்று கேட்ட கேள்வியே பிழையானது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அதன் பின்னரே, ஆட்டத்திலும் சிறந்து பின்னர் நிர்வாகத்திலும் சிறந்தவர்கள் எவ்வாறு அந்த ஆற்றைக் கடந்தார்கள் என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வீரனுக்கு வேலை கொடுத்து ஆதரிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. இரயில்வேயும், வங்கிகளும், பொதுத்துறை நிறுவனங்களும், காவல் துறையும், இராணுவமும் இவ்வகையில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்துள்ளன. எங்கள் வட்டாரத்திலேயே பொன்மலை இரயில்வே பணிமனையும், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் ஆடுகளமும் தொழிலகமும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே பலர். இந்த ஏற்பாடு இல்லாவிடில் ஏழை வீட்டுப் பிள்ளை இருபது வயதுக்கு மேல் மட்டையைத் தொடவே முடியாது. ஆயினும் இதில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. பத்தாண்டுகள் மைதானத்திலேயே கழிப்பவன், தன்னை அமர்த்திய அலுவலகத்தின் வேலையைக் கற்பதே இல்லை. பதவி அவனுக்குக் கிடைக்கிறது, பணி கைவருவதில்லை.

தமிழ்நாட்டின் பழைய வீரர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள மொறப்பாக்கத்தில் 1909-ஆம் ஆண்டு பிறந்த எம். ஜே. கோபாலன், கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கியபொழுது, அதன் முதற் பந்தை வீசியவர் அவரே. 1935-இல் தியான் சந்துடன் நியூசிலாந்துக்குச் சென்று ஹாக்கி ஆடினார். 1936-இல் அவர் முன் இரண்டு வழிகள் பிரிந்தன. பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணி புறப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணியும் புறப்பட்டது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. இங்கிலாந்திலோ கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனினும் அவர் துவண்டுவிடவில்லை. பின்னாளில் தேசிய அணித் தேர்வாளராகவும் பணியாற்றினார். 1952-53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கோபாலன் இரண்டில் ஒன்றைத்தான் கொள்ள முடிந்தது. இரு கப்பல்களும் ஒரே பருவத்தில் புறப்பட்டன. ஆனால் ஆட்டத்துக்கும் கல்விக்கும் இடையே அத்தகைய நெருக்கடி எப்பொழுதும் இருப்பதில்லை. நாம்தான் அவசரப்பட்டு அதை உண்டாக்கிவிடுகிறோம். இதை எனக்கு உணர்த்திய வாழ்க்கை வீரேன் ரஸ்கின்ஹாவினுடையது.

ரஸ்கின்ஹா 1980 செப்டம்பரில் மும்பையில் பிறந்தார். பாந்திராவில் உள்ள புனித ஸ்தனிஸ்லாஸ் பள்ளியில் பயின்றார். அப்பள்ளி பல ஹாக்கி வீரர்களை நாட்டுக்கு அளித்தது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இளையோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 2003-இல் கோலாலம்பூரில் ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும், 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடிய அணியிலும் இடம்பெற்றார். 2005-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். இந்தியாவுக்காக 180 போட்டிகளில் ஆடி, அணியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார்.

அவர் ஆடிய இடம் நடுக்களம். ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். முன்கள வீரன் கோல் அடிக்கிறான். கூட்டம் அவன் பெயரைக் கூவுகிறது. கோல்காப்பாளன் தடுக்கிறான், அவனையும் கூவுகிறது. நடுக்களத்தில் நிற்பவனோ பின்னாலிருந்து பந்தை வாங்கி, நல்ல இடத்தில் நிற்கும் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் ஓடத் தொடங்குகிறான். கொடுத்த பந்து கோலானால் புகழ் இன்னொருவருக்கு. கொடுக்கத் தவறினால் பழி தனக்கு. நல்ல நிர்வாகியின் வேலையும் இதுவே அன்றோ?

2008-ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயது நிரம்பும் முன்னரே, ரஸ்கின்ஹா சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அந்த ஆண்டு இந்திய ஹாக்கிக்கு மிகத் துயரமான ஆண்டு. மார்ச்சு மாதம் சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக, ஹாக்கியில் ஒலிம்பிக் வாய்ப்பையே இந்தியா இழந்தது. கால்களில் இன்னும் ஆட்டம் மிச்சமிருந்த அவ்வேளையில் அவர் ஐதராபாத்தில் உள்ள இந்திய வணிகவியல் பள்ளியில் மேலாண்மை படிக்கச் சேர்ந்தார். நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கியவர், மீண்டும் பாடக்குறிப்பு எடுக்கும் மாணவரானார். கணக்கியல், நிதி, புள்ளியியல், சந்தையியல் என்பவை மைதானத்தில் கிடைப்பவை அல்ல. அங்கே அர்ஜுனா விருதுக்கு மதிப்பெண் இல்லை. தேர்வுத் தாளில் எழுதியதற்கே மதிப்பெண்.

மாணவர்களே, அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த செயல் இதுவே. புகழ் பெற்ற ஒருவனுக்கு மிகக் கடினமான காரியம், தனக்குத் தெரியாத ஒன்றைக் கற்க மாணவனாக அமர்வது. நம்மில் பலர் ஒருமுறை மேடை ஏறிய பின் பெஞ்சில் அமர மறுத்துவிடுகிறோம்.

2009-இல் அவர் ஒலிம்பிக் கோல்ட் குவெஸ்ட் என்னும் அமைப்பில் சேர்ந்து, பின்னர் அதன் தலைமை நிர்வாக அதிகாரியானார். 2001-இல் அதனை நிறுவியவர்களும் இரு வீரர்களே: 1980-இல் அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனேயும், பில்லியர்ட்ஸ் உலக வாகையர் கீத் சேத்தியும். நம் சென்னையின் சதுரங்க மேதை விசுவநாதன் ஆனந்தும் பின்னர் அதன் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். இலாப நோக்கம் இல்லாத அமைப்பு அது. நிறுவனங்களிடமிருந்தும் தனி மனிதரிடமிருந்தும் நன்கொடை திரட்டி, ஒலிம்பிக் பதக்கம் வெல்லும் தகுதியுடைய இந்திய வீரர்களுக்குத் துணை நிற்பது அதன் பணி.

துணை நிற்பது என்றால் என்ன? மேடையில் சால்வை போர்த்துவது அன்று. துப்பாக்கி சுடும் வீரனுக்குத் தோட்டா வேண்டும். அது உரிய நாளில் வந்து சேர வேண்டும். மல்யுத்த வீரனுக்கு ஈடான பயிற்சித் துணைவன் வேண்டும். பூப்பந்து வீராங்கனைக்கு இயன்முறை மருத்துவர் வேண்டும். உணவு அறிவுரைஞர், மனநல அறிவுரைஞர், வெளிநாட்டுப் பயிற்சியாளர், விமானச் சீட்டு, நுழைவிசைவு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்று ஒரு வாரம் தாமதப்பட்டாலும் நான்காண்டு உழைப்பு வீணாகலாம். கோப்பு ஒன்று ஒரு மேசையில் தூங்கினால் மைதானத்தில் ஒருவன் தோற்கிறான். மைதானத்தில் நின்றவன் இதை அறிவான். ஆனால் அறிந்தால் மட்டும் போதாது. கோப்பை எழுப்பத் தெரிய வேண்டும், வரவு செலவு எழுதத் தெரிய வேண்டும், கொடுத்தவரிடம் கணக்குக் காட்டத் தெரிய வேண்டும். முதல் அறிவை ஆட்டம் கொடுத்தது; இரண்டாம் அறிவைக் கல்வி கொடுத்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிப் பயனே.

2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆறு பதக்கங்கள் பெற்றது. அவற்றை வென்ற அறுவருள் சாய்னா நேவால், மேரி கோம், ககன் நாரங், விஜய்குமார் ஆகிய நால்வர் இவ்வமைப்பின் துணையைப் பெற்றவர்கள். வெற்றி அவர்களுடையது, வியர்வையும் அவர்களுடையது. ஆனால் பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னே கொடுத்த ஒரு நடுக்கள வீரரும் அங்கே இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. குளிர் மிகுந்த கனடா நாட்டில் பனித்தரை ஹாக்கி என்னும் ஆட்டம் உயிர் போன்றது. உறைந்த பனிக்கட்டித் தரையில், அடியில் எஃகுப் பட்டை பூட்டிய காலணியோடு சறுக்கி, பந்துக்கு மாறாகத் தட்டையான ரப்பர் வில்லை ஒன்றை அடித்து ஆடுவர். ஓர் அணிக்குக் களத்தில் அறுவர். நம் நாட்டில் லடாக்கில் குளிர்காலத்தில் இதை ஆடுகிறார்கள். இவ்வாட்டத்தில் புகழ்பெற்ற கோல்காப்பாளர் கென் டிரைடன், 1947-இல் பிறந்தவர். மாண்ட்ரியால் அணிக்காக ஆடி, 1971-க்கும் 1979-க்கும் இடையில் ஆறு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணிகளில் இருந்தார். அவர் செய்த ஒரு காரியம் வியப்புக்குரியது. ஆடிக்கொண்டே மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1973-இல் பட்டம் பெற்றார். சம்பள உடன்பாடு ஏற்படாத 1973-74 பருவத்தில் ஆட்டத்தை அறவே விட்டு, டொராண்டோவில் ஒரு சட்ட அலுவலகத்தில் தொழிற்பயிற்சி பெற்றார். கோப்பை வென்ற கையோடு கோப்புத் தூக்கும் பயிற்சியாளராகச் சென்றவர் அவர்! பின்னர் மீண்டும் வந்து நான்கு கோப்பைகள் வென்று, 1979-இல் முப்பத்தோராம் வயதில் ஓய்வு பெற்றார். 1997-இல் டொராண்டோ அணியின் தலைவர் பதவி ஏற்றார். 2004-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கனடாவின் சமூக மேம்பாட்டு அமைச்சரானார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தபொழுது அந்நாடு ஒரு விளையாட்டு வீரருக்காக மட்டும் வருந்தவில்லை.

எல்லோரும் வணிகப் பள்ளிக்கோ சட்டக் கல்லூரிக்கோ செல்ல இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறு வழிகளும் உண்டு. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்துச் சிற்றூரில் ஒரு பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த திலீப் திர்க்கி 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார். இந்தியாவுக்காக நானூறுக்கும் மேற்பட்ட போட்டிகளில் களம் கண்டார். 2012-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். பொது வாழ்வில் படிப்படியாகப் பொறுப்பேற்றுப் பழகி, 2022 செப்டம்பரில் ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய பள்ளிக்கூடம் வேறு. ஆனால் அவரும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்தே அந்த நாற்காலிக்கு வந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் நல்ல நிர்வாகி ஆவர் என்று நான் சொல்லவில்லை. பெயரை மட்டும் பலகையில் எழுதி, அதிகாரத்தைப் பிறர் கையில் விட்டவர்களும் உண்டு. களத்தில் அறுபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். அலுவலகத்தில் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். களத்தில் எதிரி முன்னால் நிற்கிறான். அலுவலகத்தில் சோம்பலும் மெத்தனமும் நம் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கின்றன. இந்த வேறுபாட்டை உணராதவர் தம் பழைய புகழையும் இழக்கிறார்.

என் மாணவனுக்கு வருவோம். அந்த மாலைக்குப் பின் அவன் வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். முப்பத்திரண்டு வயதில் கடிதம் எழுதவும், குறிப்பு வரையவும், கணக்கைச் சரிபார்க்கவும் கற்றான். தொலைநிலைக் கல்வியில் பட்டமும் பெற்றான். முதல் ஆண்டு மிகவும் கூசினான். தன் மகள் பார்த்துவிடுவாளோ என்று புத்தகத்தைச் செய்தித்தாளில் மறைத்துக் கொண்டுவருவான். இப்பொழுது தன் நிறுவனத்தின் அணிக்குரிய பயணம், உணவு, உடை, செலவுக் கணக்கு யாவும் அவன் பொறுப்பு. புதிதாகச் சேரும் இளைஞனிடம் முதலில், "தம்பி, என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்கிறானாம். நான் பதினைந்து வயதில் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை அவன் இன்று பிறர்க்குச் சொல்கிறான். இடையில் வீணான ஆண்டுகளை மட்டும் என்னால் திருப்பித் தர இயலாது.

ஆகையால் மாணவர்களே, மட்டையா புத்தகமா என்று உங்களை யாரேனும் கேட்டால், இரண்டும் வேண்டும் என்று பணிவோடு சொல்லுங்கள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் புத்தகம் சற்றுப் பின்தங்கலாம், கைவிடப்படலாகாது. ஆண்டுக்கு ஒரு தாள் எழுதினாலும் போதும். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல்: மைதானத்திலிருந்து புழுதியோடு வரும் பிள்ளையை வகுப்பறை வாயிலில் நிறுத்தாதீர்கள். தேர்வு நாளும் போட்டி நாளும் ஒன்றாக வந்தால், பிள்ளையைக் கடிவதற்கு முன், இரண்டில் ஒன்றை ஒத்திவைக்க வழியுண்டா என்று நாம் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம்.

எங்கள் ஊர்க் குன்றின் மேல் எறும்பீசர் கோயில் உண்டு. தேவர்கள் எறும்பு வடிவில் வந்து அங்கே வழிபட்டார்கள் என்பது தலபுராணம். இலிங்கத் திருமேனி வழுவழுப்பாக இருந்தமையால் எறும்புகளால் ஏற முடியவில்லை. அதுகண்டு இறைவன் தன் மேனியைப் புற்றுப்போல் சொரசொரப்பாக்கி, ஒரு புறம் சாய்ந்தும் கொடுத்தானாம். எறும்பின் முயற்சியைப் பற்றி நான் பள்ளியில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். சாய்ந்து கொடுத்த கருணையைப் பற்றிப் பேசியதில்லை. ஏறுபவன் ஏறத்தான் வேண்டும். அவன் ஏறும்படி சாய்ந்து கொடுப்பது நாற்காலியில் இருப்பவர் கடமை. தாம் ஏறிய வழுக்கலை மறவாதவரே அவ்வாறு சாய்ந்து கொடுப்பார். உங்களில் சிலர் நாளை களத்தில் ஏறுவீர்கள். சிலர் நாற்காலியில் அமர்வீர்கள். இரண்டும் செய்யும் பேறு சிலருக்கு வாய்க்கும். அன்றைக்கு இதை நினைவில் கொள்ளுங்கள்.